கயாக் பயணமா? கண்ணுக்குத் தெரியாத நீரையும் கணக்கில் எடுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கெடா இளையோரின் வாட்சாப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இந்தத் தடவை எந்த ஆத்துக்குப் போகலாம்?" முன்பு குளிக்கவும் கூடிச் சமைத்துச் சாப்பிடவும் மட்டும் போனவர்கள், இப்போது வாடகைக்குக் கயாக் எடுத்துத் துடுப்புப் போடவும் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் தோட்டத்து ஆற்றில் குளித்து வளர்ந்த துணிச்சல் மட்டும் இதற்குப் போதாது.

கெடாவில் நீருக்குப் பஞ்சமில்லை. வடக்கே பெடு, மூடா அணைக்கட்டு ஏரிகள், மேற்கே சதுப்புநிலக் காடுகளின் நடுவே வளைந்து ஓடும் சுங்கை மெர்போக், தெற்கே கூலிம் மாவட்டத்தில் பாறைகளில் மோதி இறங்கும் சுங்கை செடிம் என மூன்று வகை நீர் உண்டு. கரையில் நின்று பார்த்தால் மூன்றும் அழைப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கரையிலிருந்து தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது. ஏரியில் அது காற்று, மெர்போக்கில் கடல் ஏற்றவற்றம், மலை ஆற்றில் மேல்மலையில் பெய்யும் மழை. எந்த நீரில் இறங்குகிறோமோ, அதற்குரிய ஆபத்தைக் கணக்கிட்டுத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

ஏரி: காலையில் கண்ணாடி, மாலையில் அலை

பாடாங் தெராப் மாவட்டத்தில் உள்ள பெடு ஏரியும் சீக் மாவட்டத்தில் உள்ள மூடா ஏரியும் இயற்கை ஏரிகள் அல்ல. மூடா சமவெளி வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளைய வேண்டும் என்பதற்காக 1969-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைகளின் நீர்த்தேக்கங்கள் அவை. மூடா நீர்த்தேக்கத்தின் நீர், ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள சாயோங் சுரங்கவழியாகப் பெடுவுக்குப் போகிறது.

கயாக் ஓட்டுபவருக்கு இந்த வரலாறு எதற்கு? ஏரியின் நீர்மட்டத்தை மழை மட்டுமன்றி வயலின் தேவையும் முடிவு செய்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களில் நீர் இறங்கினால், முன்பு மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். போன ஆண்டு கயாக் போன வழியில் இந்த ஆண்டு சேறு மட்டுமே இருக்கலாம். எனவே பழைய படத்தையும் பழைய அனுபவத்தையும் நம்பாமல், புறப்படுவதற்கு முன் படகுத்துறையில் இருப்பவர்களிடம் அன்றைய நிலவரத்தைக் கேட்க வேண்டும்.

அடுத்தது காற்று. காலை எட்டு மணிக்குக் கண்ணாடி போல் இருக்கும் ஏரியில், பிற்பகலில் இடிமழைக்கு முன் வீசும் காற்று அலைகளை எழுப்பிவிடும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போவார். எதிர்க்காற்றில் அது பாதியாகக் குறையும். ஆகவே போவதற்கு ஒரு பங்கு நேரம் என்றால், திரும்பி வர இரண்டு பங்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஏழு மணிக்குப் புறப்படும் குழு, எங்கே இருந்தாலும் ஒன்பது மணிக்குத் திரும்பினால் பகல் ஒரு மணிக்குள் கரையேறிவிடலாம். ஏரியின் நடுவே குறுக்கே போகாமல் கரையை ஒட்டிப் போவதும் நல்லது. கவிழ்ந்தாலும் நீந்த வேண்டிய தூரம் குறைவு.

மூடா ஏரியைத் தாண்டி உலு மூடா காட்டுக்குள் செல்ல விரும்புவோர், குபிர் படகுத்துறையிலிருந்து உள்ளூர்ப் படகோட்டிகளுடன் போவதே வழக்கம். அது பாதுகாக்கப்பட்ட வனம் என்பதால் வன இலாகாவின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். யானைகள் நடமாடும் காடு அது. அங்கே கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடக் கூடாது.

மெர்போக்: கடல் சொல்லும் நேரம்

கடாரம் என்று நம் முன்னோர் குறிப்பிட்ட பகுதிக்கும் கடலுக்கும் இடையே நீர்வழியாக இருந்தது சுங்கை மெர்போக். பூஜாங் பள்ளத்தாக்குக்கு வந்த வணிகர்களின் கலங்களும் இந்த நீரில் வந்தவையே. இன்று செமெலிங் படகுத்துறையிலிருந்து சதுப்புநிலக் காட்டைப் பார்க்கப் படகுகள் போகின்றன. சுங்கைப்பட்டாணி மக்களுக்கு அரை நாளில் போய்வரக்கூடிய இடம்.

இங்கே கவனிக்க வேண்டியது கடலின் ஏற்றமும் வற்றமும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீர் ஏறும், அடுத்த ஆறு மணி நேரம் இறங்கும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம், நீரோட்டமும் வேகம். இதைக் கவனிக்காமல் போன குழு, திரும்பும்போது நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட்டுக் களைத்துவிடும். அல்லது நீர் வற்றிய ஓடையில் இடுப்பளவு சேற்றில் சிக்கிக்கொள்ளும்.

கணக்கு எளிதுதான். உயர்நீர் பகல் 11 மணிக்கு என்றால், 9 மணிக்குப் புறப்பட்டு ஏறும் நீருடன் ஆற்றின் மேற்பகுதியை நோக்கிப் போகலாம். 11 மணிக்குச் சற்று ஓய்வு. பிறகு இறங்கும் நீருடன் திரும்பினால் ஆறே பாதி வேலையைச் செய்துவிடும். கடற்படையும் நில அளவை இலாகாவும் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணைகளில் நேரத்தைப் பார்க்கலாம். ஆனால் அட்டவணையில் இருப்பது கடலோரத் துறையின் நேரம். ஆற்றின் உள்ளே உயர்நீர் சற்றுத் தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்பதையும், முதலை நடமாட்டம் ஏதும் உண்டா என்பதையும் உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலை ஆறு: வெயில் அடித்தாலும் வெள்ளம் வரும்

மூன்றிலும் மிகக் கடுமையானது மலை ஆறு. 2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி ஜெராய் மலையில் பெய்த கனமழை, அடிவாரத்து ஆறுகளில் திடீர் நீர்ப்பெருக்காக இறங்கி உயிர்களைப் பறித்தது. அடுத்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி பாலிங், கூப்பாங் பகுதியில் மலையிலிருந்து வந்த வெள்ளம் மூவரைக் கொன்றது. "கெப்பாலா ஆயர்" என்று நாம் எல்லாரும் அறிந்த நீர்ப்பெருக்கு இதுதான். மழை பெய்வது மலை உச்சியில். குளிக்கும் இடத்திலோ கயாக் இறங்கும் இடத்திலோ வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, நீர் சட்டென ஏறுவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கயாக்கையும் பையையும் விட்டுவிட்டு, கரையோரமாக ஓடாமல் மேட்டை நோக்கி ஏற வேண்டும். படம் பிடிக்க நிற்கும் நேரம் உயிர் தப்பும் நேரம்.

சுங்கை செடிம் போன்ற வேகமான ஆற்றில் பயிற்சி இல்லாதவர்கள் சொந்தமாகக் கயாக் இறக்கவே கூடாது. உரிமம் பெற்ற வழிகாட்டியுடன், தலைக்கவசம் அணிந்தே போக வேண்டும். நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால் நீரின் வேகம் ஆளை அமுக்கிவிடும். மல்லாந்து, காலை முன்னே நீட்டி மிதந்தபடி கரைக்கு ஒதுங்க வேண்டும்.

புறப்படும் முன்

மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா செயலியில் வானிலையையும், வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வெள்ளத் தகவல் பக்கத்தில் ஆற்று மட்டத்தையும் முதல் நாள் இரவும் மறுநாள் காலையும் பார்க்க வேண்டும். போகும் ஊரின் வானிலை மட்டும் போதாது. ஆறு பிறக்கும் மலைப்பகுதியின் நிலவரமும் தேவை. இடி கேட்டால் கரையேற வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழிந்த பிறகே மீண்டும் இறங்கலாம்.

லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரியாதவருக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு நீச்சல் உதவாது. எல்லாப் பூட்டுகளையும் போட்டபின், தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். முகவாயைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது, மாற்ற வேண்டும். கயாக் கவிழ்ந்தால் அதைப் பிடித்தபடியே மிதக்க வேண்டும். தனியாகக் கரைக்கு நீந்துபவரைவிட, கயாக்கோடு இருப்பவரை மீட்புப் படையினர் எளிதில் கண்டுபிடிப்பார்கள்.

ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், நீண்ட கைச்சட்டை, விசில், நீர் புகாத பையில் கைப்பேசி ஆகியவை கட்டாயம். உடம்பில் காயம் இருந்தால் நீர் புகாமல் மூட வேண்டும். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் ஆற்று நீரின் வழியாகவும் பரவும். பயணம் முடிந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கிய செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஆள் பயணத்திற்கே வராதவர். வீட்டில் இருக்கும் அக்காவோ, மாமாவோ, தோட்டத்துப் பெரியவரோ ஒருவரிடம் ஐந்து செய்திகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்: எத்தனை பேர், எந்த இடத்தில் இறங்குகிறோம், எந்த வழி, காரின் எண், எத்தனை மணிக்குக் கரையேறுவோம். அந்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகியும் அழைப்பு வரவில்லை என்றால், அவர் 999-ஐ அழைக்க வேண்டும் என்றும் சொல்லி வைக்க வேண்டும்.

காலையில் வானம் கறுத்திருந்தால் பயணத்தை ஒத்திவைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்த ஆறு அடுத்த வாரமும் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கும்.