கல்லூரியில் முதல் நிரலாக்கப் பாடம்: எங்கே தடுக்குகிறது?



சுங்கை புரோங் பக்கம் தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்.பி.எம். கணிதத்தில் ஏ எடுத்த ஒரு மாணவி போன பருவத்தில் எனக்கு ஃபோன் செய்தாள். டிப்ளோமா முதல் பருவம். நிரலாக்கப் பாடத்தின் முதல் சோதனையில் நூற்றுக்கு 30. "சார், லெக்சரர் போர்டுல எழுதும்போது எல்லாம் புரியுது. வெறும் தாளைக் கொடுத்தா ஒரு வரிகூட வரமாட்டேங்குது. கோர்ஸ் மாத்திக்கட்டுமா?" என்றாள். கடன் எடுத்துப் படிக்கிற பிள்ளை. மாற்றினால் ஒரு பருவமும் போச்சு, கட்டிய காசும் போச்சு.

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் வந்திருக்கும். "தமிழ்ப்பள்ளியிலிருந்து போனதால்தான் இப்படி" என்று சில பெற்றோர் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அது சரியில்லை. 2001-இல் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த நான்கு பல்கலைக்கழகங்களில் முதலாண்டு நிரலாக்கம் படித்த 216 மாணவர்களுக்கு ஒரே மாதிரி பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 110 புள்ளிக்குச் சராசரி 23-ஐக்கூட எட்டவில்லை. 2014-இல் பல நாட்டுத் தேர்ச்சி விவரங்களைத் தொகுத்த இன்னோர் ஆய்வில், அறிமுக நிரலாக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறவில்லை என்று தெரிந்தது. ஆக, தடுக்கி விழுவது நம் பிள்ளை மட்டும் இல்லை. இந்தப் பாடத்தில் தடுக்குகிற கல் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் கிடக்கிறது.

முதல் கல், கணினிக்கு நம் மனசு தெரியும் என்கிற நினைப்பு. 1986-இல் ராய் பீ என்ற ஆய்வாளர் இதைத்தான் மற்றப் பிழைகளுக்கெல்லாம் தாய்ப் பிழையாகச் சொன்னார். கணினிக்குள்ளே யாரோ உட்கார்ந்து நாம் சொல்ல வந்ததைப் புரிந்துகொள்வார் என்று மாணவர் தம்மை அறியாமலே நம்பிவிடுகிறார்கள். தோட்டத்தில் பெரட்டு நேரத்தில் மண்டோர் "அந்தப் பக்கம் முடிச்சிட்டு வாங்க" என்றால் போதும். எந்தப் பக்கம், எதை முடிப்பது, எங்கே வருவது எல்லாம் ஆளுக்குத் தெரியும். கணினிக்கு இது எதுவுமே தெரியாது. எழுதியதை மட்டும், எழுதிய வரிசையில் மட்டும் செய்யும்.

இரண்டாவது கல் சமன் குறி. கணிதத்தில் ஏ எடுத்தவர்கள் இங்கேதான் அதிகமாக விழுகிறார்கள். இந்த வரியைப் பாருங்கள்:

மொத்தம் = மொத்தம் + குலை

கணித ஆசிரியர் கண்ணுக்கு இது ஒரு சமன்பாடு. இரண்டு பக்கமும் மொத்தத்தைக் கழித்தால் குலை = 0 என்று வரும்! நிரலில் பொருளே வேறு. வலப்பக்கத்தை முதலில் கணக்குப் போடு, வந்த விடையை இடப்பக்கத்துப் பெட்டியில் வை, பழையதை அழித்துவிடு. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "மொத்தத்தோடு குலையைக் கூட்டி மொத்தத்தில் வை." நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, கணினி வேலை செய்யும் வரிசையும் அதுதான். வகுப்பில் இந்த வரியை "மொத்தம் சமன் மொத்தம் கூட்டல் குலை" என்று வாசிக்காமல் இப்படி வாசிக்கச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சோதிக்க ஒரு சின்னக் கேள்வி. அ = 5, ஆ = 8. அடுத்து அ = ஆ, அதற்கடுத்து ஆ = அ. இப்போது இரண்டிலும் என்ன இருக்கும்? 8, 5 என்று இடம் மாறிவிட்டதாகப் பல மாணவர்கள் எழுதுவார்கள். சரியான விடை 8, 8. மூன்றாவது வரியிலேயே 5 அழிந்துபோய்விட்டது. இப்படிப் பெட்டிக்குப் பெட்டி நகலெடுத்து இடம் மாற்ற மூன்றாவதாக ஒரு பெட்டி வேண்டும். இரண்டு குவளைத் தண்ணீரை மாற்றி ஊற்றவும் ஒரு காலிக் குவளை வேண்டுமே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அந்த மாணவியிடம் நான் புது நிரல் எதையும் எழுதச் சொல்லவில்லை. ஒரு நிரலைக் கையில் கொடுத்து, தாளில் கட்டம் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். தோட்டக் கிராணி செக்ரோலில் நாள் தவறாமல் பதிவதுபோல, ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். மூன்று நாளில் வெட்டிய செம்பனைக் குலைகளைக் கூட்டும் நிரல் இது:

மொத்தம் = 0
நாள் = 1
நாள் <= 3 ஆக இருக்கும் வரை:
– – குலை = உள்ளிடு
– – மொத்தம் = மொத்தம் + குலை
– – நாள் = நாள் + 1
பதிப்பி மொத்தம்

உள்ளிடுவது 110, 95, 120 என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்று முடியும்போது மொத்தம் 110, நாள் 2. இரண்டாம் சுற்றில் 205, 3. மூன்றாம் சுற்றில் 325, 4. நாள் 4 ஆனதால்தான் சுற்று நிற்கிறது. "முடிவில் நாள் எவ்வளவு?" என்று தேர்வில் கேட்டால் 3 என்று எழுதிப் புள்ளியை விடுகிறவர்கள் நிறையப் பேர். கட்டம் போட்டவர் விடமாட்டார்.

அதே நிரலைக் கொஞ்சம் கெடுத்துப் பாருங்கள், இன்னும் நன்றாகப் புரியும். "மொத்தம் = 0" என்ற வரியைச் சுற்றுக்குள்ளே தள்ளினால் விடை 120 மட்டும்தான், கடைசி நாள் கணக்கு. "நாள் = நாள் + 1" வரியை விட்டுவிட்டால் நிரல் நிற்கவே நிற்காது; குலை கேட்டுக்கொண்டே இருக்கும். ஆசிரியர்கள் புதுப் பயிற்சி தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல நிரல் ஒன்றில் ஒரு வரியை இடம் மாற்றினால் ஒரு வகுப்புக்குப் போதுமான கேள்வி கிடைக்கும்.

இதற்கும் ஆய்வு ஆதாரம் உண்டு. 2004-இல் ரேமண்ட் லிஸ்டரும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்தபோது, நிரல் எழுதத் தடுமாறும் மாணவர்களில் பலருக்குச் சின்ன நிரலை வாசித்து விடை சொல்வதே ஒழுங்காக வரவில்லை. வாசிக்கத் தெரியாதவரைக் கட்டுரை எழுதச் சொன்னால் எப்படி வரும்? இன்றைக்கு செயற்கை நுண்ணறிவு செயலியிடம் கேட்டால் நிரல் உடனே வந்துவிடும். வரட்டும், ஆனால் அதைக் கட்டம் போட்டு ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைத்தால் தேர்வு மண்டபத்தில் வெறும் தாளும் பேனாவும்தான் துணை.

நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சுமை உண்டு, அது மொழி. தமிழ்ப்பள்ளியில் மாறி என்றது இடைநிலைப்பள்ளியில் பெம்போலே உபா ஆகிறது, கல்லூரியில் வேரியபல் ஆகிறது. சுற்று, கெலுங், லூப் என்று இதுவும் அப்படியே. 2017-இல் படிவம் 1-க்கு வந்த அடிப்படைக் கணினி அறிவியலை எல்லாப் பள்ளியும் நடத்துவதில்லை, எஸ்.பி.எம். கணினி அறிவியலில் ஜாவா படித்தவர்களும் கொஞ்சம் பேர்தான். ஆகவே பலருக்குக் கருத்தும் புதுசு, சொல்லும் புதுசு. முதலில் கருத்தைத் தமிழில் பிடித்துக்கொண்டு, பிறகு மற்ற இரண்டு சொற்களையும் அதன் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தமிழிலேயே நிரல் எழுதவும் முடியும். முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2013-இல் திறமூலமாக வெளியிட்ட எழில் மொழியில் பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்பவைதாம் கட்டளைச் சொற்கள். நிபந்தனையை முதலில் எழுதி அதன் பிறகு "ஆனால்" போட வேண்டும். "மழை பெய்தால்" என்று நாம் பேசுகிற முறையே அது. கல்லூரித் தேர்வுக்கு எழில் உதவாது, அங்கே சி, ஜாவா, பைத்தான்தான். ஆனாலும் ஒரு மாலைப் பொழுது எழிலோடு உட்கார்ந்தால், நிரல் என்பது ஆங்கிலம் இல்லை என்ற பயம் தெளிந்துவிடும்.

கடைசியாக ஒரு பயிற்சி. 1980-களில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவே பயன்படுத்திய, மழைக் கணக்கு என்று பேர் பெற்ற கேள்வி. பெர்ணம் ஆற்றுத் தண்ணீரை நம்பி ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் போடுகிற சுங்கை புரோங்குக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இருக்காது. நாள்தோறும் பெய்த மழையை மில்லிமீட்டரில் உள்ளிட வேண்டும். 99999 வந்தால் நிறுத்திவிட்டுச் சராசரி சொல்ல வேண்டும். கீழே பார்க்காமல் முதலில் நீங்களே எழுதுங்கள்.

மொத்தம் = 0
எண்ணிக்கை = 0
மழை = உள்ளிடு
மழை 99999 ஆகாத வரை:
– – மொத்தம் = மொத்தம் + மழை
– – எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
– – மழை = உள்ளிடு
எண்ணிக்கை > 0 என்றால்: பதிப்பி மொத்தம் / எண்ணிக்கை
இல்லையென்றால்: பதிப்பி "பதிவு இல்லை"

"மழை = உள்ளிடு" ஏன் இரண்டு இடத்தில்? முதலாவதை எடுத்துவிட்டால் சுற்று தொடங்கும்போது மழைப் பெட்டி காலி. இரண்டாவதைச் சுற்றின் தொடக்கத்துக்கு நகர்த்தினால் 99999-உம் மழையாகக் கூட்டப்பட்டுவிடும். எடுத்த எடுப்பிலேயே 99999 கொடுத்தால், கடைசி நிபந்தனை இல்லாத நிரல் பூச்சியத்தால் வகுக்கப் போய் நின்றுவிடும். 12, 0, 30, 99999 என்று கொடுத்துக் கட்டம் போட்டு ஓட்டுங்கள். 14 வந்தால் சரி. 21 வந்தால், மழையே இல்லாத நாளை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். எந்த வரியில் என்று கட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.