நெளியும் சேசிஸின் மேல் ஒரு வீடு

ஜெர்மனியின் சின்ன ஊர்களில் தீயணைப்பு நிலையத்தை நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். வண்டி கொட்டகையில் நிற்கும். அழைப்பு வந்தால் பேக்கரிக்காரரும் விவசாயியும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறுவார்கள். மற்றபடி அவ்வப்போது பயிற்சி, அடிக்கடி துடைப்பு. இப்படியே முப்பது ஆண்டு கழித்து ஏலத்துக்கு வரும் வண்டியின் ஓடோமீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டரைக்கூடத் தொட்டிருக்காது. நம் நாமக்கல் லாரி ஒன்று மூன்று, நான்கு மாதத்தில் ஓடிவிடும் தூரம் அது.

அப்படிப்பட்ட வண்டியை வாங்கி, பின்பக்கம் படுக்கையும் அடுப்பும் வைத்த பெட்டியை ஏற்றி, சஹாராவுக்கும் மங்கோலியாவுக்கும் கிளம்புகிறவர்கள் அங்கே ஏராளம். பவேரியாவின் பாட் கிஸ்ஸிங்கன் நகரில் ஆண்டுதோறும் கூடும் ஆஃப்-ரோடு கண்காட்சிக்குப் போனால் அந்தச் சிவப்பு வண்டிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

இவற்றில் பல, ஊர்க்காசில் வாங்கியவையே அல்ல. பனிப்போர்க் காலத்தில், போர் மூண்டால் சாலைகள் சிதைந்து கிடக்கும், அப்போதும் எரியும் நகரங்களுக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கில் மேற்கு ஜெர்மனியின் மத்திய அரசு நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை வாங்கி உள்ளூர் நிலையங்களில் நிறுத்தியது. 1960களின் மாகிரஸ்-டாய்ட்ஸ் மெர்குர் அவற்றில் ஒன்று. காற்றாலேயே குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் கிடையாது. இன்னொரு பக்கம், 1959இல் அறிமுகமான குட்டை மூக்கு மெர்சிடிஸ். 1954 முதல் 1969 வரை டாடாவும் டைம்லர்-பென்ஸும் கூட்டாக ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தார்கள். அந்த லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உருண்டை முகம் அந்நியமாகத் தெரியாது. போர் வரவில்லை. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, காத்திருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்தன.

ஓடோமீட்டரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம். தீயணைக்கும் நேரத்தில் வண்டி நின்றுகொண்டுதான் இருக்கும். எஞ்சின் மட்டும் பம்பைச் சுழற்றிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் உழைத்தாலும் முள் நகராது. மற்ற நாட்களில் ஓடும் தூரமோ பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால், எரிதலில் பிறந்த நீராவி ஆயிலிலேயே தங்கி உள்பாகங்களை அரிக்கும். அதைவிடப் பெரிய பலவீனம் ரப்பர். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் மூலக்கூறுப் பிணைப்புகளைத் தாக்கிக்கொண்டே இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2309 என்றிருந்தால் அது 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் பிறந்த டயர். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கும். பக்கச் சுவரில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். பிரேக் ஹோஸ்களுக்கும் இதே கதிதான். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட வேண்டும்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். மெர்சிடிஸின் ஓ.எம். 352, ஆறு சிலிண்டர், 5.7 லிட்டர், சுமார் 130 குதிரைசக்தி. டீசலைப் பீய்ச்சும் பம்ப் முழுக்க இயந்திரப் பொறி. கணினி இல்லை, சென்சார் இல்லை. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரி செத்தாலும் ஓடும். பாலைவனத்தின் நடுவில் இதன் அருமை தெரியும்.

உண்மையான சிக்கல் சேசிஸில் இருக்கிறது. லாரியின் சேசிஸ் என்பது நீளவாக்கில் இரண்டு ‘சி’ வடிவ உருக்குச் சட்டங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். துணி சுற்றிவரும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து இரு முனையையும் எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். அசைந்து கொடுக்காது. அதே குழாயில் நீளவாக்கில் பிளேடால் ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டுத் திருகுங்கள். கையோடு வரும். அட்டை குறையவில்லை, எடை குறையவில்லை. ஆனால் மூடிய குழாயில் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடிய விசையின் வட்டம் கீறல் விழுந்த இடத்தில் அறுந்துவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் ஆரமும் இரண்டு மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய் என்றால், கீறிய பிறகு அதன் முறுக்குத் தாங்கும் விறைப்பு ஏறத்தாழ 1,900 மடங்கு குறைகிறது என்று பொறியியல் கணக்கு சொல்கிறது.

‘சி’ சட்டம் பிறவியிலேயே கீறிய குழாய்தான். அதைத் தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார்கள். முன்சக்கரம் ஒன்று பாறைமேல் ஏறும்போது சேசிஸ் நெளிந்து கொடுத்தால்தான் மற்ற மூன்றும் தரையை விடாமல் பிடித்திருக்கும். நெளியாத சேசிஸாக இருந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். டிஃபரென்ஷியல் பூட்டு போடாதவரை எஞ்சினின் சக்தியெல்லாம் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுழற்றுவதிலேயே போய்விடும்.

இதன்மேல் கொண்டுபோய் வைக்கும் வீடோ ஆறு பக்கமும் மூடிய பெட்டி. நெளியவே நெளியாது. நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் முதல் ஓடைக்கரையிலேயே சண்டை தொடங்கும். பெட்டியின் பசைமூட்டு பிளக்கும், அல்லது பெட்டியின் பிடிமானம் முடியும் இடத்தில் சேசிஸில் விரிசல் விழும். நம்மூர் பட்டறைகளில் பாடியை யூ-போல்ட் போட்டுச் சேசிஸோடு இறுக்குகிறார்களே என்று கேட்கலாம். பலகை பாடி தானும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். கண்ணாடி ஜன்னலும் தண்ணீர்க் குழாயும் பதித்த பெட்டி அப்படிக் கொடுக்காது.

ஒரு தீர்வு, மூன்றே இடங்களில் தாங்குவது. மேடுபள்ளமான தரையிலும் முக்காலி ஆடாமல் நிற்பது மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமைவதால்தான். பின்னால் இரண்டு தாங்கி, முன்னால் நடுவில் சுழலும் ஒரே ஒரு தாங்கி. கீழே சேசிஸ் எப்படி நெளிந்தாலும் பெட்டிக்கு அது தெரியாது. பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் சேசிஸ் தன் நீளம் முழுதும் பரவலாகச் சுமக்கச் செய்யப்பட்டது. அதன்மேல் டன் கணக்கான எடை மூன்றே இடத்தில் குவிகிறது. சாதாரணப் பயணிக்கு இன்னொரு முறைதான் பொருந்தும் என்பேன். பெட்டியின் அடிச்சட்டத்தைச் சேசிஸின்மேல் நீளம் முழுக்கப் படுக்கவைத்து, பின்பகுதியில் மட்டும் இறுக்கிவிட்டு, முன்பகுதி போல்ட்களில் வலுவான சுருள் ஸ்பிரிங்குகளைக் கோப்பார்கள். தார்ச்சாலையில் எடை முழு நீளத்துக்கும் பரவி உட்காரும். சேசிஸ் நெளியும்போது மட்டும் ஒரு பக்கம் சில சென்டிமீட்டர் எழும்பி, பிறகு படியும்.

வேலை சரியா என்று பட்டறையிலேயே பார்த்துவிடலாம். முன்பக்க இடது சக்கரத்தையும் பின்பக்க வலது சக்கரத்தையும் கட்டைமேல் ஏற்றிவிட்டு, டிரைவர் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். தரைமட்டத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கூரையருகே இரண்டின் விளிம்புகளும் ஒன்றுக்கொன்று கையகலம் விலகிச் சாய்ந்து நிற்கும். கேபினிலிருந்து வீட்டுக்குள் போகும் வழி வேண்டுமென்றால், மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் ரப்பர் உறைதான் போட முடியும்.

தண்ணீர் டாங்கோடு வரும் வண்டியில் இன்னொரு கணக்கும் மாறும். டி.எல்.எஃப். 16/25 என்ற வகையில் 2,400 லிட்டர், அதாவது 2.4 டன் தண்ணீர், வாழ்நாள் முழுதும் ஏறியே நின்றிருக்கும். கமான் பட்டைகளை அந்தப் பாரத்துக்கென்றே அடுக்கியிருப்பார்கள். டாங்கைக் கழற்றிவிட்டு இலேசான பெட்டியை வைத்தால், அதே பட்டைகள் குறைந்த பாரத்தின் கீழே வேகமாக அதிரும். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும். பின்பக்கம் ஒன்றிரண்டு பட்டைகளை உருவிவிட்டால் சரியாகும்.

டயரில்தான் பலர் பணத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். அதில் ஒரு மாற்றம் நிஜமாகவே தேவை. பின்னால் இருக்கும் ஜோடி டயர்களை எடுத்துவிட்டு ஒற்றை டயர் போட வேண்டும். ஜோடி டயர் முன்சக்கரத்தின் தடத்தில் விழாமல், மணலில் தனக்கெனப் புதுப்பாதை உழுதுகொண்டு வரும். நடுவில் கல்லும் சிக்கும். மற்றதெல்லாம் காற்றழுத்தத்தின் வேலை. இரண்டு டன் தாங்கும் டயரில் 5 பார் அழுத்தம் இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 400 சதுர சென்டிமீட்டர். 1.5 பாருக்கு இறக்கினால் 1,300க்கு மேல். டயர் நீளவாக்கில் சப்பையாகப் படுத்து மணல்மேல் மிதந்து போகும். ஆனால் வேகமாக ஓட்டக் கூடாது. மடங்கி மடங்கி விரியும் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும். திரும்பக் காற்றடிக்க ஏர் பிரேக்குக்கான கம்ப்ரஸரே போதும்.

உள்ளே ஈரம் ஒரு ஓயாத தொல்லை. இருவர் தூங்கும் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலுமாக அரை லிட்டருக்கு மேல் நீராவி வெளியேறும். 20 டிகிரிக் காற்று கன மீட்டருக்கு 17 கிராம் வரை நீராவியை வைத்துக்கொள்ளும். பூஜ்ஜியத்தில் ஐந்து கிராமுக்கும் குறைவு. ஆகவே குளிர்ந்த உலோகம் எங்கே வெளியே தலைகாட்டுகிறதோ அங்கே தண்ணீர் வடியும். பாலியூரித்தேன் நுரையைவிட உருக்கு ஏறத்தாழ 2,000 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சுவரின் குறுக்கே போகும் ஒரே ஒரு திருகாணியின் தலையில்கூட காலையில் முத்து கோத்திருக்கும். பழைய தீயணைப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நுரைப்பலகைப் பெட்டி கட்டுகிறவர்கள் காரணமில்லாமல் அதைச் செய்யவில்லை. லித்தியம் பேட்டரியையும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் மின்முனைமேல் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும்.

கடைசியில் எல்லாம் எடைமேடையில் வந்து நிற்கும். ஜெர்மனியில் 1999க்கு முன் கார் உரிமம் எடுத்தவர்கள் 7.5 டன் வரை ஓட்டலாம். பிறகு எடுத்தவர்களுக்கு வரம்பு 3.5 டன். அதனால் 11 டன் தாங்கும் வண்டியைக்கூடக் காகிதத்தில் 7.49 டன்னுக்கு இறக்கிப் பதிவு செய்வார்கள். 300 லிட்டர் டீசல் 250 கிலோ, அதே அளவு தண்ணீர் 300 கிலோ, ஸ்டெப்னி ஒன்றே நூறு கிலோவைத் தாண்டும். ஓக் மரத்தில் அலமாரி செய்தவர் அதையெல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு இலேசான பாப்லர் பிளைவுட்டில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், இல்லையென்றால் கனரக வாகன உரிமத்துக்காக டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுக்க வேண்டும்.