சுற்றிப் போனால் சீக்கிரம், ஏன்?

ஞாயிற்றுக்கிழமை மாலையில், வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும் பக்தர்களுக்கும், காய்கறிப் பையுடன் சாலையைக் கடக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டிருப்பவர், தூரம் கூடினாலும் தீவு விரைவுச்சாலை வழியே போயிருக்கலாமே என்று எண்ணுவது சகஜம்.

பச்சை விளக்கு எரிந்தவுடன் எல்லா வாகனங்களும் ஒருசேரக் கிளம்புவதில்லை. முன்னது நகர்ந்த பின்பே அடுத்தது நகர இயலுமாதலால், ஒவ்வொன்றுக்கும் சுமார் 2 விநாடி செலவாகிறது. ஆகவே, 30 விநாடிப் பச்சையில் ஒரு தடத்தில் 15 வண்டிகள் கடந்தாலே பெரிது. பதினாறாவது மனிதர் மறுபடியும் சிவப்பைத் தரிசிக்க வேண்டியதுதான்.

விரைவுச்சாலையில் இந்த விளக்கு உபத்திரவம் இல்லை. ஆயினும், வண்டிகள் ஓரளவுக்கு மேல் நெருங்கிவிட்டால், ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட்ட மாத்திரத்தில் பின்னால் வருபவர் சற்று அழுத்தமாகத் தொட, அந்தத் தயக்கம் அலைபோலப் பின்னோக்கிப் பரவி, விபத்து ஏதுமின்றியே போக்குவரத்து ஸ்தம்பித்துவிடுகிறது. 1975-இல் நகர மத்தியில் நுழைய உரிமச்சீட்டும், 1998-இல் அதற்குப் பதிலாக மின்னியல் சாலைக் கட்டணமும் வந்தது இந்த நெருக்கத்தைத் தளர்த்தவே. விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கட்டணம் ஏறும். 65-ஐத் தாண்டினாலோ, சாலையில் இடம் வீணாகிறது என்று பொருளாதலால், இறங்கும்.