தீக்காயம் பரவுதலும் கனெக்சின் அரைக்கால்வாய்களும்: சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வெடிவிபத்து அரிய நிகழ்வன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் சுமார் 40 பேர் உயிரிழந்தனர்; 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளை ஆராய்வோர் பெரும்பாலும் உராய்வு, மணிமருந்தின் தன்மை, உரிம மீறல், இழப்பீடு ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். பிழைத்தவரின் தோலில் தீ அணைந்த பின்னும் காயம் வளர்கிறது என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. அவ்வாறு வளர்வதற்குக் கனெக்சின் எனும் புரதத்தாலான அரைக்கால்வாய்கள் எவ்வகையில் காரணமாகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காயத்தின் மூன்று வட்டங்கள்

டக்ளஸ் ஜாக்சன் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1953-இல் தீக்காயத்தை மூன்று வளையங்களாகப் பகுத்தார். நடுவில் வெப்பத்தால் உறைந்து இறந்த திசு. அதைச் சுற்றி இரத்த ஓட்டம் குன்றிய தேக்க வளையம். வெளியே சிவந்து, பின் தானே ஆறிவிடும் பகுதி. நடு வட்டத்தை மீட்க வழியில்லை. வெளிவட்டத்திற்குச் சிகிச்சை பெரிதாகத் தேவையில்லை. தேக்க வளையத்தின் நிலையே ஐயத்திற்குரியது. அங்குள்ள செல்களை நெருப்பு கொல்லவில்லை. ஆயினும் அடுத்த ஓரிரு நாட்களில் அவற்றுள் பல இறந்து, மேலோட்டமான காயம் ஆழமான காயமாகிறது. ஒட்டுத்தோல் வேண்டுமா, வேண்டாமா என்பதையும், கைவிரல்கள் மீண்டும் மடங்குமா என்பதையும் பெரும்பாலும் இவ்வளையமே தீர்மானிக்கிறது. நெருப்புத் தீண்டாத செல் பின்னர் ஏன் இறக்க வேண்டும்? குறைந்த இரத்த ஓட்டமும் அழற்சியும் இதற்கான பழைய விடைகள். அவை தவறல்ல, ஆனால் முழுமையானவையும் அல்ல.

கனெக்சின்: இணைந்த வழியும் தனித்த வாயிலும்

மனித உடலில் சுமார் 20 வகைக் கனெக்சின்கள் உள்ளன. பெயருடன் வரும் எண் புரதத்தின் மூலக்கூறு எடையைக் கிலோடால்டனில் குறிக்கும். தோலில் முதன்மையானவற்றுள் ஒன்று கனெக்சின் 43. ஆறு கனெக்சின்கள் வட்டமாகக் கூடிச் செல் சவ்வில் ஒரு துளையை அமைக்கின்றன. அடுத்த செல்லின் துளை அதனுடன் நேருக்கு நேர் பொருந்தினால் இடைவெளிச் சந்திப்பு உருவாகிறது. சுமார் 1 கிலோடால்டன் வரையான சிறு மூலக்கூறுகளும் அயனிகளும் அவ்வழியே வெளியே சிந்தாமல் செல்லுக்குச் செல் கடக்கின்றன. இணை சேராமல் வெளிப்புறத்தை நோக்கி நிற்கும் துளையே அரைக்கால்வாய்.

அது வழக்கமாக மூடியே இருக்கும். செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் அதை மூடி வைக்கும் முக்கியக் காவல்களுள் ஒன்று. செல்லுக்கு ஆக்சிஜன் குறையும்போதும், அழற்சிச் சமிக்ஞைகள் பெருகும்போதும், வெளிக்கால்சியம் தாழும்போதும் அது திறக்கிறது. அப்போது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. வெளியேறுகிறது. செல்லுக்குள் மில்லிமோலார் அளவில் இருக்கும் இப்பொருள் வெளியே மிகக் குறைவாகவே காணப்படும். ஆதலால் வெளியே ஏ.டி.பி. பெருகுவதை அண்டைச் செல்கள் ஆபத்தின் அடையாளமாக ஏற்கின்றன. அவற்றில் உட்கால்சியம் உயர்கிறது. அவற்றின் அரைக்கால்வாய்களும் திறக்கக்கூடும். நோய் எதிர்ப்புச் செல்களின் பி2எக்ஸ்7 ஏற்பி தூண்டப்பட்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சிப் பொருள் சுரக்கிறது. சிறு அளவில் இது நன்மைதரும் எச்சரிக்கை. அடங்காமல் நீடித்தாலோ எச்சரிக்கையே சேதமாகிவிடுகிறது.

சோதனைச் சான்றுகள்

ஆறத் தொடங்கும் இயல்பான காயத்தின் விளிம்பில் கனெக்சின் 43 முதல் ஓரிரு நாட்களில் குறைகிறது. அதன் பின்னரே செல்கள் நகர்ந்து காயத்தை மூடுகின்றன. நீரிழிவுள்ள எலிகளில் அது குறைவதற்கு மாறாகக் கூடுவதையும், ஆறுதல் தாமதமாவதையும் 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்புரதத்தின் உற்பத்தியைத் தற்காலிகமாகத் தடுக்கும் குறுகிய டி.என்.ஏ. இழையைக் களிம்பாக இட்டால் காயம் விரைந்து ஆறுவதை டேவிட் பெக்கர், காலின் கிரீன் ஆகியோரின் குழு 2003-இல் நிறுவியது. 2005-இல் அக்குழுவினர் சுண்டெலிகளின் தீக்காயத்தில் இதே முறையைக் கையாண்டபோது காயம் அக்கம்பக்கத்திற்குப் பரவுவது குறைந்தது. நம் வினாவிற்கு மிக அண்மையில் நிற்கும் சான்று இதுவே. கண்ணில் கடுந்தீங்கு ஏற்பட்டு, வழக்கமான மருத்துவத்தால் மேற்படலம் ஆறாதிருந்த சிலரிடமும் இம்மருந்து பயன் தந்ததாக 2012-இல் நியூசிலாந்துக் குழு அறிவித்தது. வெடிவிபத்துகளில் முகமும் கண்ணும் எளிதில் பாதிக்கப்படுவதால் இது நம் வட்டாரத்திற்குப் பொருத்தமுடையது.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. டி.என்.ஏ. இழை கனெக்சின் 43 உற்பத்தியையே குறைப்பதால் இடைவெளிச் சந்திப்பும் அரைக்கால்வாயும் ஒருசேரக் குறைகின்றன. விளைவு எதனால் வந்தது என்பதை அதைக் கொண்டு மட்டும் பிரித்தறிய இயலாது. மேலும், பேனெக்சின் எனும் வேறொரு புரதத்தின் துளைகளும் ஏ.டி.பி.யை வெளியேற்றுகின்றன, பழைய சோதனைகள் பலவற்றில் பயன்பட்ட தடுப்பான்கள் இரண்டையும் வேறுபடுத்தவில்லை. கேப்19 போன்ற பெப்டைடுகள் சந்திப்பை விட்டு அரைக்கால்வாயை மட்டும் தடுப்பதால் இவ்வினாவிற்கு அவை கூர்மையான கருவிகள். அரைக்கால்வாயே எல்லாத் தீக்காயங்களுக்கும் காரணம் எனக் கூறுவது மிகை.

மரபுநோய்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. கனெக்சின் 26 மரபணுவில் 24-ஆம் இடத்து டிரிப்டோபேன் நிறுத்தக் குறியாக மாறும் பிழை, இந்தியரிடையே பிறவிச் செவிட்டுக்குக் காரணமாகும் இம்மரபணுப் பிழைகளுள் மிகுதியாகக் காணப்படுவது. இங்கே நோய், கால்வாய் இன்மையால் வருவது. அதே மரபணுவில் 50-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம் அஸ்பராஜினாக மாறினால், அரைக்கால்வாய் வேண்டாதபோதும் திறந்து, தோல் தடிப்பு, கருவிழி அழற்சி, செவிட்டுத்தன்மை ஆகியவை ஒருங்கே தோன்றுகின்றன. இங்கே நோய், கால்வாய் மூடாமையால் வருவது.

கால எல்லை

கனெக்சின் 43 புரதத்தின் ஆயுள் சில மணிநேரமே. ஆகவே அதன் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து விரைவில் பயன்தரும்; தேக்க வளையம் இறக்கும் முன் இடப்பட்டால்தான் பொருளும் உண்டு. கடுங்காயமுற்றோர் சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்கு அனுப்பப்படுவது வழக்கம். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் இத்தொலைவு பாதியளவு குறைய வாய்ப்புண்டு. இம்மருந்துகள் தீக்காயத்திற்கான வழக்கச் சிகிச்சையாக இன்னும் வரவில்லை. இன்று அக்கால எல்லைக்குள் தொழிற்கூட வாசலிலேயே செய்யக்கூடியது, காயத்தின் மீது 20 நிமிடம் ஓடும் நீரை விடுவது; விபத்து நேர்ந்து 3 மணி நேரத்திற்குள் செய்தாலும் இதனால் பயனுண்டு.