இரு மடங்கு என்றால் எத்தனை?

கணக்குப் பார்ப்பது நமது சங்க அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. "தவணை தவறிய கடன்தாரர் தொகை இவ்வாண்டு இரு மடங்காகிவிட்டது" என்று மகாசபையில் ஒருவர் எழுந்து கூறினால், அனுபவமுள்ள அங்கத்தினர், "முன்பு எத்தனை பேர்? இப்போது எத்தனை பேர்?" என்று உடனே கேட்பார். 200 அங்கத்தினருள் 1 ஆக இருந்தது 2 ஆயிற்றென்றால், நிர்வாகக் குழு கடிதம் எழுதிக் கேட்டால் போதும். 40 ஆக இருந்தது 80 ஆயிற்றென்றால் சங்கமே ஆட்டங்கண்டுவிடும். இரண்டையும் "இரு மடங்கு" என்றே சொல்லலாம், இரண்டும் பொய்யல்ல.

ஆனால், நோயைப் பற்றிய செய்தி வரும்போது இக்கேள்வியை நாம் கேட்பதில்லை. அதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

ஓர் எச்சரிக்கையின் விளைவு

1995-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டனில் மருந்துகளின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றால், இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டும் அபாயம் பழைய வகையைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதே அது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டன. அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரை உட்கொள்வதையே நிறுத்தினர்.

உண்மைக் கணக்கு யாது? பழைய வகையை உட்கொண்ட 7,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் ஒருவருக்கு அந்நோய் வந்தது; புதிய வகையில் இருவருக்கு வந்தது. அதாவது 7,000-க்கு ஒருவர் கூடுதல். மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 அதிகரித்தன. இந்த அச்சமே அதற்கு முக்கிய காரணமெனக் கருதப்படுகிறது. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் அபாயமோ அம்மாத்திரையால் நேர்வதைக் காட்டிலும் அதிகம்!

சொந்தத்தில் மணம்

நமக்கு நெருங்கிய விஷயம் ஒன்றையும் பார்ப்போம். இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் 11,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் குறித்து நடந்த ஆய்வு 2013-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்நகரில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளியினரிடையே உடன்பிறந்தோரின் மக்கள் தம்முள் மணப்பது பெருவழக்கு. அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறை நேரும் அபாயம் இரு மடங்கு என்று ஆய்வு கண்டது. எண்ணிக்கையில் சொன்னால், 100 குழந்தைகளில் சுமார் 3 என்பது 6 ஆகிறது. மீதி 94 குழந்தைகளுக்கு அக்குறை இல்லை. "இரு மடங்கு" என்பதை மட்டும் கேட்டவர் நடுங்குவார். "94 பேர் நலம்" என்பதை மட்டும் கேட்டவர் அலட்சியம் கொள்வார். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

காரணம் நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். இரு புரியாக முறுக்கிய நூலில் ஒரு புரி பழுதானாலும் மற்றது தாங்கும். இரண்டும் பழுதானால் நூல் அறுந்துவிடும். மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு புரியாகவே வருகிறது. பழுதான புரி ஒன்று நம்மில் பலரிடம் வெளியே தெரியாமல் இருக்கிறது. உறவினர் இருவரும் ஒரே பாட்டனாரிடமிருந்து அதே பழுதைப் பெற்றிருக்கக்கூடும்.

பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது இருப்பின், தலசீமியா போன்ற இரத்த நோய் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 4-ல் 1. "முதற் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்குப் பயமில்லை" என்று சிலர் எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. ஒவ்வொரு கருவிலும் அந்த 4-ல் 1 புதிதாகவே தொடங்குகிறது.

பிராட்போர்டு கணக்கு எல்லோருக்கும் பொருந்துவதுமன்று. அக்காள் மகளை மணப்பது இன்னும் நெருங்கிய உறவு. பரம்பரை நோய் முன்பே கண்ட குடும்பத்திற்கு 100-க்கு 6 என்ற பொதுக் கணக்கு உதவாது. அவர்கள் மணத்திற்கு முன்பே மருத்துவரை அணுக வேண்டும். தலசீமியாவின் பழுது ஒருவரிடம் உள்ளதா என்பதை இரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

கேட்க வேண்டியவை

நோய் அபாயம் பற்றி யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்போமாக: எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? எவ்வளவு காலத்தில்? அந்த மக்களும் நாமும் ஒரே நிலையில் இருப்பவர்களா? சொல்லும் பொறுப்பில் உள்ளவர்களும், கேட்குமுன்பே இவற்றைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஐந்தொகையைப் படிக்காமல் எந்த அங்கத்தினரும் அதை ஒப்புக்கொள்ளலாகாது என்று சங்கந்தோறும் கூறி வருகிறோம். நமது குடும்ப நலத்திற்கும் அந்த விதி வேண்டும்.