'எந்த அறிகுறியும் இல்லையே, எனக்கு எதுக்கு டெஸ்ட்?' பால்வினைத் தொற்று - தெரிந்துகொள்ள வேண்டியவை

"எரிச்சல் இல்ல, புண் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" பால்வினைத் தொற்று பற்றிப் பேச்செடுத்தாலே பலர் கேட்கும் கேள்வி இது. சிக்கலே இங்கேதான் இருக்கிறது.

கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. ஆண்களிலும் பலருக்கு அப்படித்தான். ஹெச்.ஐ.வி. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உடலில் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குணப்படுத்தக்கூடிய பால்வினைத் தொற்றுகள் மட்டுமே தினமும் 10 லட்சத்துக்கும் மேல் புதிதாக ஏற்படுகின்றன.

கண்டுக்காம விட்டா என்ன ஆகும்?

கிளமிடியா, கொனோரியா இரண்டும் கருக்குழாயைப் பாதித்து, பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைத் தடுக்கலாம். கர்ப்பிணிக்கு சிஃபிலிஸ் இருந்தால் குழந்தை இறந்து பிறக்கும் அபாயம் உண்டு. இந்த மூன்றையுமே மருந்தால் குணப்படுத்த முடியும். ஆனால், தொற்று இருப்பது தெரிந்தால்தானே!

காண்டம் போட்டா போதுமா?

சரியாகப் போட்டால் பெரும் பாதுகாப்பு. சொதப்புவது இங்கேதான்:

* மாதக்கணக்கில் பர்ஸிலோ, வெயிலில் நிற்கும் பைக்கிலோ வைத்தால் உராய்விலும் சூட்டிலும் ரப்பர் பலவீனமாகும். எக்ஸ்பைரி தேதியையும் பாருங்கள்.
* தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டாம். லேடெக்ஸ் கிழியலாம். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் ஓகே.
* ரெண்டு போட்டா டபுள் பாதுகாப்பு கிடையாது. ஒன்றுதான், அதுவும் ஆரம்பத்திலிருந்தே.
* கருத்தடை மாத்திரையும் காப்பர்-டியும் கர்ப்பத்தை மட்டுமே தடுக்கும்.

ஹெர்ப்பிஸ், ஹெச்.பி.வி. போன்றவை ஆணுறை மூடாத தோல் வழியாகவும் பரவலாம். ஹெச்.பி.வி., ஹெபடைடிஸ் பி இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. போடாதவர்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

எப்போ டெஸ்ட் எடுக்கணும்?

புது உறவு தொடங்கும்போதும், ஆணுறையை நிறுத்த நினைக்கும்போதும் இருவருமே எடுப்பது நல்லது. நேற்று நடந்ததற்கு இன்று எடுத்தால் 'நெகட்டிவ்' என்றுதான் வரும், நம்பிவிடக் கூடாது. ஹெச்.ஐ.வி. ரேப்பிட் டெஸ்ட்டில் தெரிய 3 மாதம் வரை ஆகலாம்.

ஆணுறை கிழிந்து ஹெச்.ஐ.வி. பயம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால், தேவைப்படும்பட்சத்தில் 28 நாள் தடுப்பு மருந்து தருவார். சீக்கிரம் தொடங்கினால் அவ்வளவு நல்லது.

எங்கே போகணும்? வெளியே தெரிஞ்சிடுமா?

அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மையம்' ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டையும் ஆலோசனையையும் இலவசமாகத் தருகிறது. 2017-ம் ஆண்டு ஹெச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ முடிவை மற்றவரிடம் சொல்லவோ கூடாது. சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

பாசிட்டிவ் வந்தா?

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். கொனோரியா கிருமி ஏற்கெனவே பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. பார்ட்னருக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் தொற்றும். ஹெச்.ஐ.வி. என்றாலும் பயப்பட வேண்டாம்: தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அது மற்றவருக்குப் பரவாது.

"நாம ரெண்டு பேரும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கலாமா?" கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். "நானும் எடுக்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பேச்சு சுலபமாகிவிடும்.