கல்லைச் சுற்றவிட்ட கோவை

ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவில் வார்த்த இட்லிக்கு ஈடே இல்லை என்று ஏங்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. அந்த ஏக்கத்தில் உண்மை இருக்கிறது. கல்லில் அரைபடும் உளுந்துக்கும் பிளேடில் வெட்டுப்படும் உளுந்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அப்படி ஏங்குகிறவர்களில் பெரும்பாலோர் அந்த இட்லியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். மாவு ஆட்டியவர்களைக் கேட்டால் முதலில் தோள்பட்டையைத்தான் தொட்டுக் காட்டுவார்கள்.

ருசியையும் விடாமல் தோளையும் காப்பாற்றிய இயந்திரம் ஒன்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது. கிரைண்டர். குக்கரும் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் வேறு நாட்டுச் சமையலுக்காகப் பிறந்து இங்கே வந்தவை. நாம்தான் அவற்றுக்குப் பழகிக்கொண்டோம். கிரைண்டர் அப்படியல்ல. இட்லி மாவுக்காகவே, இட்லி சாப்பிடுகிற ஊரில் பிறந்தது.

அதற்கு முன்னால் இருந்ததைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆட்டுக்கல்லில் குழி இருக்கும் கல் அசையாது, குழவிதான் சுற்றும். வலக்கை குழவியைச் சுற்றும்போதே இடக்கை விளிம்பில் ஏறுகிற மாவை உள்ளே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். கவனம் பிசகினால் விரல் நசுங்கும். உளுந்து பொங்கி வர அரை மணி நேரமாவது பிடிக்கும். அது முடிந்தால் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு அரிசி காத்திருக்கும். கூட்டுக் குடும்பங்களில் இந்த வேலை மதியச் சாப்பாடு ஆகி, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, மற்றவர்கள் கண்ணயரும் நேரத்தில் மருமகள்களின் தலையில் விழும். பல வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் என்று இருந்ததற்கு அரிசித் தட்டுப்பாட்டோடு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

சரி, கல்லில் அப்படி என்னதான் நடக்கிறது?

உளுந்து இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கும்போது முதலில் நசுங்குகிறது. பிறகு தேய்ந்து இழுபடுகிறது. பருப்பின் செல்கள் திறந்து, உள்ளே இருக்கும் குளோபுலின் வகைப் புரதமும் அராபினோகாலக்டன் என்ற வழவழப்பான கூட்டுச் சர்க்கரையும் தண்ணீரோடு கலக்கின்றன. குழவி ஒவ்வொரு முறை மாவை மடித்துப் புரட்டும்போதும் கொஞ்சம் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றுக் குமிழைச் சுற்றிப் புரதம் மெல்லிய தோல் போர்த்துகிறது. வழவழப்பு அந்தத் தோல் கிழியாமல் தாங்கிப் பிடிக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் உளுந்தை இந்தக் கோணத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். வேறு பருப்பைப் போட்டால் இட்லி ஏன் அப்படி வருவதில்லை என்பதற்கு விடை இந்தப் புரதமும் வழவழப்பும் சேர்ந்த கூட்டணிதான். கூடவே ஒரு கரண்டி வெந்தயம் ஊறப்போடுகிறோமே, அதுவும் இதே வழவழப்புக்குத் துணை செய்கிறது.

பதம் பார்க்கும் விதமும் இதிலிருந்தே வந்தது. ஆட்டிய உளுந்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் போதுமான காற்று உள்ளே சேர்ந்துவிட்டது என்று பொருள். அடர்த்தி அளக்கும் கருவி எதுவும் இல்லாமல் நம் வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருந்த சோதனை இது. எந்த ஆய்வுக்கூடமும் இதில் குறை சொல்ல முடியாது.

இரவில் நடப்பது நுண்ணுயிரிகளின் வேலை. அரிசியிலும் உளுந்திலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் லூகோநாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியா பெருகி, புளிப்புக்கான அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. ரொட்டிக்குப் போடுவதுபோல் ஈஸ்ட் எதுவும் வேண்டாம். இந்தப் பாக்டீரியாவின் பங்கை 1960-களிலேயே ஆய்வாளர்கள் உறுதிப்படுத்திவிட்டார்கள். அந்த வாயு போய்த் தங்குவது, ஆட்டும்போது உருவான அதே குமிழ்களில். குமிழ்கள் வலுவாக இருந்தால் மாவு பாத்திரத்தின் விளிம்புவரை எழும்பும். வலு இல்லாவிட்டால் வாயு வெளியேறிவிடும். மாவு புளிக்கும், ஆனால் பொங்காது. அதை வார்த்தால் இட்லி தட்டையாகத்தான் வரும்.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 18,000 முதல் 20,000 சுற்றுவரை போகும். அதன் பிளேடு வெட்டுகிறது; நசுக்கித் தேய்ப்பதில்லை. கெட்டியான உளுந்தைப் போட்டால் மாவு ஜார் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறும் காற்றில் சுற்றும். அதனால் தண்ணீரைக் கூட்ட வேண்டியிருக்கிறது. தண்ணீர் கூடினால் குமிழ்களின் தோல் மெலிந்து சீக்கிரம் உடையும். மிக்ஸி மாவு பொங்காததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன்.

இன்னொன்று சூடு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 500 வாட் மிக்ஸி மூன்று நிமிடம் ஓடினால் 90,000 ஜூல் மின்சாரம் செலவாகிறது. அதில் பாதி ஜாருக்குள் போனால்கூட ஒரு கிலோ மாவின் வெப்பநிலை 12 டிகிரி ஏறும். முப்பதில் தொடங்கியது நாற்பதைத் தாண்டிவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு, விட்டு விட்டு அரைக்கச் சொல்வது இதனால்தான். இந்தச் சூட்டில் பாக்டீரியா முழுவதும் செத்துவிடும் என்று சிலர் சொல்வது மிகை. மாவு ஆறியதும் அது மீண்டும் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் நேரம் பிடிக்கும்.

மிக்ஸியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நம் மஞ்சளையும் ஊறவைத்த பருப்பையும் அரைக்க முடியாமல் ஜெர்மனியின் பிரவுன் மிக்சர் மாதுரி மாத்தூரின் வீட்டில் மோட்டார் கருகி நின்றபோது, அவருக்காக அவருடைய கணவர், சீமென்ஸில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் உருவாக்கியதுதான் சுமீத் மிக்ஸி. சட்னிக்கும் பொடிக்கும் மசாலாவுக்கும் அது செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. இட்லி மாவு மட்டும் அதன் வேலை இல்லை.

அந்த வேலையைக் கோயம்புத்தூர் எடுத்துக்கொண்டது. அது தற்செயல் அல்ல. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவைக்கு மின்சாரம் தாராளமாக வந்தது. பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளைப் பழுதுபார்க்கப் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் வந்தன. கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை அங்கே தயாரித்தார்கள். மோட்டார் செய்யத் தெரிந்த கைகள், வார்ப்பு வார்க்கத் தெரிந்த கைகள், பக்கத்திலேயே ஊத்துக்குளியின் நல்ல கருங்கல், அதைக் கொத்தத் தெரிந்த கல்தச்சர்கள், இட்லிமேல் ஆசை தீராத மக்கள். இத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தபோது 1955-இல் பி. சபாபதி அங்கே முதல் வெட் கிரைண்டரைச் செய்தார்.

ஆட்டுக்கல்லை அப்படியே மோட்டாரில் மாட்டாமல் வேலையைத் தலைகீழாக்கியதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கிரைண்டரில் குழிக்கல் சுற்றுகிறது. குழவி ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கனமான குழவியை ஒரு கை சுற்றுவதுபோல் ஆட்டிக்கொடுக்கச் சிக்கலான இயக்கமுறை வேண்டும். குழியைச் சுற்றவிட ஒரு மோட்டாரும் பெல்ட்டும் போதும். மாவை உள்ளே தள்ளிய இடக்கையின் வேலையை ஒரு வழிப்பான் தகடு எடுத்துக்கொண்டது.

இதில் இருப்பது மிக்ஸி மோட்டார் போலச் சீறும் வகை அல்ல. பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். நிமிடத்துக்கு 1,440 சுற்றுக்கு அருகில் அமைதியாக ஓடும். சின்னக் கப்பியிலிருந்து பெரிய கப்பிக்குப் போகும் பெல்ட் அந்த வேகத்தை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. வேகம் குறையக் குறைய விசை கூடும். கல்லுக்கு வேண்டியதும் அதுதான்.

மேசைமேல் வைக்கும் டேபிள் டாப் கிரைண்டரைத் திறந்து பார்த்தால் இன்னொரு நுட்பம் தெரியும். அடியில் தட்டையான கருங்கல், அதன்மேல் படுத்துக்கொண்டு உருளும் இரண்டு கற்கள். அடிக்கல் சுற்றும்போது அதன் வெளிவிளிம்பு அதிகத் தூரம் போகிறது, உள்பக்கம் குறைந்த தூரம் போகிறது. ஆனால் மேலே இருக்கும் உருளைக் கல் ஒரே துண்டு. அதன் இரண்டு முனையும் ஒரே வேகத்தில்தான் சுற்றமுடியும். அதனால் அது முழுக்க உருளவும் முடியாமல், முழுக்க வழுக்கவும் முடியாமல், உருண்டுகொண்டே உரசுகிறது. பாட்டியின் கை செய்த நசுக்கலும் தேய்த்தலும் இங்கே ஒன்றாக நடப்பது இப்படித்தான்.

பெரிய கிரைண்டர் வாங்க வசதியில்லாத தெருக்களில் மாவு அரைத்துக் கொடுக்கும் கடைகள் முளைத்தன. 2005-06-இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கி, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அவற்றைக் கொடுத்தது. இலவசம் என்று அதை இகழ்ந்தவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போய் வந்து மாவும் ஆட்டவேண்டியிருந்த பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்ததை நான் இகழமாட்டேன். அடுத்த ஆண்டே மின்வெட்டு கடுமையானபோது, கரண்ட் எப்போது வரும் என்று பார்த்து உளுந்தை ஊறப்போட்ட வீடுகள் எத்தனையோ. கிரைண்டர் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பது அப்போது தெரிந்தது.

இழப்பும் இல்லாமல் இல்லை. "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவி வருபவரை இப்போது காண்பது அரிது. கல் வழவழப்பாகிவிட்டால் பிடிப்பு போய்விடும். உளி கொண்டு அதைச் சொரசொரப்பாக்குவது அவருடைய கலை. கிரைண்டர் கல்லுக்கும் அதே விதிதான். மாவு நைஸாக நேரம் கூடிக்கொண்டே போனால் கல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் பாக்கெட் மாவு வாங்குகிற பழக்கம் வந்தபிறகு இதைக் கவனிப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். அவசரத்துக்குப் பாக்கெட் மாவு வாங்குவதில் தவறில்லை. ஆனால் கிரைண்டரைப் பரணில் ஏற்றிவிட்டு ஆட்டுக்கல் இட்லிக்கு ஏங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் கிரைண்டர் சும்மா இருந்தால் கீழே இறக்குங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். முதல் முறை கொஞ்சம் பழைய அரிசியைப் போட்டு ஆட்டிக் கொட்டிவிடுங்கள். கல்லில் படிந்த தூசி போய்விடும். உளுந்தைத் தனியாகப் போடுங்கள், தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து விடுங்கள், அது பந்தாகப் பொங்கிய பிறகு எடுங்கள். அரிசியை ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். சுவிட்சைத் தட்டினால் ஓடுகிற இந்தக் காலத்திலும் கல்லைத் தூக்கிக் கழுவித் துடைத்து வைக்கும் வேலை பெண்கள் கையிலேயே இருக்கிறது. பாட்டி இட்லிக்கு ஏங்கும் ஆண்கள் அந்த வேலையையாவது தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.